சோற்றைக் குறைத்தபோது வீட்டில், வெளியில் நடந்தது: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

மீனா_திருச்சி:
மூன்று மாதச் சர்க்கரை சராசரி (HbA1c) 6.1 என்று வந்தது, சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம். இங்கே பலருக்கும் பழக்கமான எண்தான். மதியம் சோறு பாதி, பொரியல் இரண்டு மடங்கு, இரவில் சோறே கிடையாது என்று ஆரம்பித்தேன். ஊருக்குப் போகும்வரை பிரச்சினை இல்லை.

அம்மாச்சி புதுக்கோட்டைப் பக்கம், வானம் பார்த்த பூமி. முதல் கரண்டி சோறு விழுந்ததும் "போதும் அம்மாச்சி" என்று தட்டுக்குக் குறுக்கே கையை வைத்தேன். இரண்டாவது கரண்டியை அவர் திரும்பச் சட்டியில் போடவில்லை. என் கைக்கு மேலேயே பிடித்துக்கொண்டு நின்றார். சோற்றின் சூடு புறங்கையில் தெரிந்தது.

"நெல்லுச்சோத்த நாங்க கண்ணுல பாக்குறதே தீவாளிக்கும் பொங்கலுக்குந்தான் ஆத்தா. எம்புள்ளைக தினம் நெல்லுச்சோறு திங்கணும்னுதான் இத்தன பாடும் பட்டேன். நீ வேணாங்குற."

சர்க்கரை வந்துவிடும் என்றேன். "கூழு குடிச்ச எனக்கு வரல. சோறு திங்குற உனக்கு வருதா?" என்றார். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். அதுவரை படித்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. கையை எடுத்துவிட்டேன், அந்தச் சோற்றைச் சாப்பிட்டேன். கேள்வி மட்டும் இன்னும் போகவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

கம்பங்கொல்லை:
மீனா, உங்கள் அம்மாச்சியே பதிலைச் சொல்லிவிட்டாரே! கூழ் குடித்தவருக்கு வரவில்லை. கம்பு, கேழ்வரகு, வரகு என்று திரும்பிப் போவதுதான் வழி. 2023ஐ ஐ.நா. சபையே சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. எங்கள் வீட்டில் காலையில் கம்பங்கூழ், இரவில் கேழ்வரகு அடை. என் பையன் மட்டும் முதல் நாள் கூழைப் பார்த்து "அப்பா, நமக்குக் காசு இல்லையா?" என்று கேட்டான். ஏழு வயசுப் பிள்ளைக்கு அது எங்கிருந்து தெரிந்தது என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

தஞ்சாவூர்ப்பெண்:
@கம்பங்கொல்லை, கொஞ்சம் நில்லுங்கள். தீட்டிய அரிசியில் 100 கிராமுக்குச் சுமார் 78 கிராம் மாவுச்சத்து. சாமை, வரகிலும் 65 கிராமுக்கு மேல் இருக்கிறது. நார்ச்சத்து கூடுதல் என்பது சரி. ஆனால் அரிசி போலவே வெள்ளை வெளேரென்று தீட்டி விற்கிற சாமையை வாங்கி, அதே குவியலாகச் சாப்பிட்டால் என்ன மாறும்? அந்த அம்மாச்சி கம்பை உரலில் இடித்துப் புடைத்துச் சாப்பிட்டிருப்பார், நாள் முழுக்கக் காட்டில் குனிந்து நிமிர்ந்திருப்பார். வயிறு நிறையக் கிடைத்திருக்குமா என்பதே சந்தேகம். அவர் விட்டு வந்ததைத்தான் வழி என்கிறீர்கள்.

என் கதை சின்னது. மாமனாரின் முதல் திவசம். இலையில் சோறு போடும்போது பழக்கதோஷத்தில் "எனக்குக் கொஞ்சம்" என்றேன். நாத்தனார் சட்டென்று என் முகத்தைப் பார்த்தார். மாமாவுக்கு மனசாரச் சாப்பிடுவதில் என்ன கணக்கு என்று அந்தப் பார்வை. அதற்குப் பிறகு இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

சேலத்து_ரவி:
அனுபவத்தோடு ஒரு எச்சரிக்கையும். இதை யாரும் தாண்டிப் போகாதீர்கள்.

அப்பாவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. கிளிமிபிரைடு மாத்திரை இரண்டு வேளை. யாரோ நடைப்பயிற்சி நண்பர் சொன்னார் என்று இரவுச் சோற்றை நிறுத்திவிட்டு வெறும் வெள்ளரிக்காயும் மோரும். எங்களிடம் சொல்லவில்லை, மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டார். நடுராத்திரி அம்மா எழுப்பினார். பனியன் பிழிகிற அளவுக்கு நனைந்திருந்தது. விரல் நடுங்குகிறது. என்னைப் பார்த்து "மணி, மாட்டைக் கட்டிட்டியா?" என்று கேட்டார். மணி என்பது செத்துப்போன சித்தப்பா.

கருவியில் 52 காட்டியது. 70க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. நினைவு இருந்ததால் சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தோம். கால்மணி நேரம் கழித்துத்தான் என் பெயரைச் சொன்னார். மறுநாள் டாக்டர் இரவு மாத்திரையை எடுத்துவிட்டார்.

இந்த வகை மாத்திரை நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காது, இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும் இதே ஆபத்துதான். சோற்றைக் குறைப்பதற்கு முன்னால் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

நெல்லைக்காரன்:
மதுரையில் ஒரு மெஸ். சாம்பாருக்கு வாங்கிய சோற்றோடு நிறுத்திவிட்டேன். பரிமாறியவர் ரசத்தோடு வந்தார், வேண்டாம் என்றேன். மோரோடு வந்தார், அதுவும் வேண்டாம். கொஞ்ச நேரத்தில் கல்லாவிலிருந்து முதலாளியே எழுந்து வந்து, "சாப்பாட்டுல ஏதும் குறையா சார்?" என்று கேட்டார். அந்த முகவாட்டம் மறக்கவில்லை.

அங்கே ஒன்று பிடிபட்டது. நம் சாப்பாட்டில் சாம்பார், ரசம், மோர் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சோறு கேட்கிறது. மொத்தமாகக் குறை என்றால் எதை விடுவது என்று கை தடுமாறும். அதனால் நான் செய்வது இது: முதலில் கூட்டும் பொரியலும், சோறு தொடாமல். முட்டையோ மீனோ இருந்தால் அதுவும் முன்னாலேயே. காயும் புரதமும் முதலில் போனால் சாப்பிட்ட பிறகு சர்க்கரை ஏறுவது மட்டுப்படும், அதற்குப் பின் கை தானாகவே கொஞ்சமாகத்தான் சோறு எடுக்கும். சாம்பாரைப் பருப்பும் காயுமாகக் கெட்டியாக வைத்துக் கிண்ணத்தில் சாப்பிடுங்கள். ரசத்தை டம்ளரில் குடியுங்கள், மோரையும் அப்படியே. மிச்சமிருக்கும் சோறு வத்தக்குழம்புக்கோ தயிருக்கோ, எது இல்லாமல் உங்களால் முடியாதோ அதற்கு. அரிசியைக் களையும்போதே அளந்து போடுங்கள், குக்கரில் இருந்தால் தீர்ந்துவிடும். 21 நாடுகளில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2020இல் வந்தது. நாளுக்கு 450 கிராமுக்கு மேல் வெந்த வெள்ளைச் சோறு சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கூடுதல், அதுவும் தெற்காசியாவில்தான் மிகவும் கூடுதல் என்று அதில் தெரிந்தது. 450 கிராம் நமக்கு ஒரு மதிய வேளை. யாரும் பட்டினி கிடக்க வேண்டாம், அந்தக் குவியல் குறைந்தால் போதும்.

தன்னார்வலர்_விழுப்புரம்:
@நெல்லைக்காரன், நீங்கள் சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் நான் போகிற வீடுகளில் கூட்டு, பொரியல், முட்டை என்று ஆரம்பிக்கவே முடியாது.

மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டம் 2021இல் வந்தது, அதில் வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்ப்பது என் வேலை. ஒரு அக்கா, சித்தாள் வேலை. சாப்பாட்டுக்கு முந்தியே 240. "சோத்தைக் குறைங்கக்கா" என்றேன். காலையில் வேலைக்கு எடுத்துப்போகும் தூக்கைத் திறந்து காட்டினார். கழுத்துவரை சோறு. மேலே ஒரு கரண்டி புளிக்குழம்பு, ஓரத்தில் ஊறுகாய்.

"சோத்தைக் குறைச்சா அந்த எடத்துல என்ன வைக்கட்டும், சொல்லு" என்றார்.

அரிசி ரேஷனில் 2011இலிருந்து இலவசம். துவரம் பருப்பு ரேஷனில் கிலோ 30 ரூபாய், ஆனால் கார்டுக்கு மாதம் ஒரு கிலோதான். அவர் வீட்டில் ஐந்து பேர். அதற்கு மேல் கடைக்குப் போனால் விலை எங்கேயோ இருக்கிறது. செங்கல் சுமக்கிற உடம்புக்குத் தெம்பு வேண்டும், அது இலவச அரிசியிலிருந்துதான் வருகிறது. பக்கத்து வேலியில் முருங்கை நிற்கிறது, அதைச் சோற்றுக்குச் சமமாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். வேர்க்கடலை ஒரு கைப்பிடி என்றேன். அதைத் தாண்டி என்னிடம் இல்லை. நோட்டில் 'உணவு ஆலோசனை வழங்கப்பட்டது' என்று எழுதிவிட்டு வந்தேன், எழுதும்போதே கோபமாக இருந்தது.

கம்பங்கொல்லை:
@தஞ்சாவூர்ப்பெண், மாவுச்சத்துக் கணக்கை ஒத்துக்கொள்கிறேன், அளவு முக்கியம். ஆனால் அந்தச் சித்தாள் அக்கா கேட்டதற்காகத் திரும்ப எழுதுகிறேன். 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தூக்கில் பாதிச் சோறு, பாதிக் களி என்றாவது வைக்கலாம் இல்லையா? இலவச அரிசி கூடாது என்று நான் சொல்லவே மாட்டேன். அதோடு பருப்பையும் இரண்டு கிலோவாக்க வேண்டும், அதை எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டும்.

தருமபுரிக்காரர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், கடையில் கேட்டதும் கேழ்வரகு கிடைக்கிறதா? கல், மண் இல்லாமல் இருக்கிறதா?