கைநழுவிய டியூடர் பொற்காசு: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

துளைக்காசு:
லண்டனில் ஏலத்துக்கு முந்தைய பார்வை நாள். டியூடர் வம்சத்து ராணி முதலாம் எலிசபெத் காலத்து ஏஞ்சல் என்ற பொற்காசு. அதில் பொறித்த தேவதூதர் மிக்கேலின் தலைக்கு மேல் துளை. "ஓட்டைக் காசு" என்று தட்டிலேயே வைத்துவிட்டேன். பக்கத்திலிருந்த பெரியவர் அதை எடுத்துத் துளையின் ஓரத்தை நகத்தால் வருடினார். "நாடா உரசி உரசி எப்படி வழுவழுப்பாகிவிட்டது, பாருங்கள்" என்றார். கழுத்தில் கட்டி வரும் கண்டமாலை நோயாளியை ராணி தொட்டு ஆசீர்வதித்துக் கழுத்தில் அணிவிக்கும் காசு! இதெல்லாம் நான் படிக்காததா? மறுநாள் அவரே ஏலத்தில் எடுத்துப்போனார். இரண்டு வருடமாகியும் ஆறவில்லை.

எடைக்கல்:
எனக்கு நேர்மாறு. துளை இல்லாத அழகான ஏஞ்சல், 5.1 கிராம். வாங்கி வந்த இரவே நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டேன். நல்ல தங்கமானால் எடை 0.27 கிராம் குறைந்திருக்க வேண்டும், 0.33 குறைந்தது. நூலை மாற்றினேன், தண்ணீரை மாற்றினேன். மறுபடியும் 0.33. அதன்பிறகுதான் லென்ஸ் வைத்துப் பார்த்தேன்: எழுத்தெல்லாம் கரைந்த சோப்பு மாதிரி மழுங்கியிருந்தது. அச்சில் வார்த்த போலி. விற்றவர் தொலைபேசியையே எடுக்கவில்லை.

வெட்டுவிளிம்பு:
எடைக்கல், அவசரப்பட்டுப் போலி என்று சொல்லாதீர்கள். எட்டாம் ஹென்றி கடைசிக் காலத்தில் தங்கத்தை 20 காரட் வரை இறக்கினாரே. துளைக்காசுக்கு: துளை துளைதான், விலை ஏறாது.
என் கதை சின்னது. வயலில் கிடைத்ததாக ஒருவர் அரை ஏஞ்சல் கொண்டுவந்தார். "ஒன்றுதான் கிடைத்ததா?" என்றேன். சட்டைப் பைக்குப் போன கை அப்படியே நின்றது. அரை ஏஞ்சலைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்.
யாராக இருந்தாலும் கேளுங்கள்: இங்கிலாந்தில் 300 வருடத்துக்கு மேற்பட்ட பொற்காசுகள் ஒரே இடத்தில் இரண்டு கிடைத்தாலே 1996 சட்டப்படி புதையல். 14 நாளுக்குள் கொரோனரிடம் (புதையலை விசாரிக்கும் அதிகாரி) சொல்ல வேண்டும். நியூ ஃபாரஸ்ட்டில் தோட்டத்தில் களை பிடுங்கிய குடும்பத்துக்கு 63 பொற்காசுகள் கிடைத்தன. எட்டாம் ஹென்றியின் மனைவியர் பெயரின் முதலெழுத்து பொறித்தவையும் அதில் உண்டு. அவர்கள் மறைக்கவில்லை. வாங்குகிறவரும் காசு எங்கே, எப்போது கிடைத்தது என்று எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

எடைக்கல்:
ஏஞ்சல் என்றுதானே எழுதினேன்? ஹென்றி கலப்படம் செய்தபோதுகூட ஏஞ்சல் 23 காரட்டுக்குக் கீழே இறங்கவில்லை. 20 காரட்டுக்குப் போனது சாவரின் என்ற வேறு பொற்காசு. என் கணக்கில் வந்தது 18-க்குப் பக்கம்.

துளைக்காசு:
விலையைப் பற்றி நான் கேட்கவே இல்லை. துளையுள்ள ஏஞ்சல் கண்ணில் பட்டால் சொல்லுங்கள்.