சொலிசிட்டர், அட்டர்னி எல்லாருமே ‘பெங்கோஷி’தானா? ஜப்பானிய மொழிபெயர்ப்பில் உதவி தேவை

மைக்கூடு: லண்டன் சட்ட நிறுவனம் ஒன்றின் அறிமுகப் பக்கம், கூடவே ஒரு பவர் ஆஃப் அட்டர்னி. ஆங்கிலத்திலிருந்து ஜப்பானியத்துக்குப் போகிறது. சொலிசிட்டர் (இங்கிலாந்தின் ஒருவகை வழக்கறிஞர்), நியூயார்க் அட்டர்னி, அட்டர்னி-இன்-ஃபேக்ட் மூன்றுக்கும் ‘பெங்கோஷி’ (வழக்கறிஞர்) என்று போட்டிருந்ததைச் சரிபார்ப்பவர் சுழித்துத் திருப்பிவிட்டார். காரணம் எழுதவில்லை. என்ன போடுவது?

கடைசிவரி: ஜப்பானில் பெங்கோஷி என்பது 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றவரின் பட்டம். பதிவில்லாதவர் அந்தப் பட்டத்தையோ ‘ஹோரிட்சு ஜிமுஷோ’ என்று சட்ட அலுவலகப் பெயரையோ போட்டுக்கொள்ள 74-ஆம் பிரிவு தடை விதிக்கிறது. அதனால் அந்த ஆள் எங்கே உரிமம் பெற்றவர் என்பதை முதலில் பாருங்கள்.

நியூயார்க்காரருக்கு மாநிலத்தை முன்னால் சேர்த்து ‘நியூயோர்க்கு-ஷூ பெங்கோஷி’. வெறுமனே ‘பெய்கொகு பெங்கோஷி’, அதாவது அமெரிக்க வழக்கறிஞர், என்று எழுதாதீர்கள். அங்கே உரிமம் மாநில வாரியாகத்தான்.

சிக்கல் சொலிசிட்டரில்தான். அகராதி ‘ஜிமு பெங்கோஷி’ என்கிறது, நீதிமன்றத்தில் வாதாடும் பாரிஸ்டருக்கு ‘ஹோதெய் பெங்கோஷி’. செய்திக்கோ நாவலுக்கோ அது போதும். அறிமுகப் பக்கத்தில் வேண்டாம். வெளிநாட்டு வழக்கறிஞர்களை ஜப்பானில் பதிவுசெய்ய 1986-இல் வந்த சட்டம் தரும் பட்டம் ‘கைகொகுஹோ ஜிமு பெங்கோஷி’. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருப்பதால், இவரும் அப்படிப் பதிவானவர் என்று வாசகர் எடுத்துக்கொள்வார். கத்தகானாவில், அதாவது பிறமொழிச் சொற்களை ஒலிப்படி எழுதும் ஜப்பானிய எழுத்தில், ‘சொரிஷிட்டா’ என்றே எழுதி, முன்னால் இங்கிலாந்து, வேல்ஸ் என்று குறியுங்கள். ‘எய்கொகு’ என்று மொத்த பிரிட்டனையும் போட்டால் ஸ்காட்லாந்தும் உள்ளே வந்துவிடும்; அங்கே சட்ட அமைப்பே தனி.

சுழிவு: அட்டர்னி-இன்-ஃபேக்ட் வக்கீலே அல்ல, அதிகாரம் பெற்ற முகவர். ‘தைரினின்’ போடுங்கள். பத்திரத்துக்குப் பெயர் ‘இனின்ஜோ’. பெங்கோஷி என்று விட்டால், தம்பிக்குக் கொடுத்த அதிகாரம் வக்கீலுக்குக் கொடுத்ததாகிவிடும்.

மைக்கூடு: நன்றி. பத்திரத்தின் கடைசியில் அமெரிக்க நோட்டரி பப்ளிக்கின் முத்திரை இருக்கிறது. நோட்டரிக்கு ‘கோஷோனின்’ சரியா? நிறுவனத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான ஜெனரல் கவுன்சலுக்கு ‘ஹோமு புச்சோ’ போடலாமா?

கடைசிவரி: கோஷோனின் சரிதான், மாநிலப் பெயரோடு. ஆனால் ஜப்பானில் அவரை நியமிப்பது நீதி அமைச்சர்; பெரும்பாலும் முன்னாள் நீதிபதி அல்லது அரசு வழக்கறிஞர். அமெரிக்க நோட்டரியோ பொதுவாகக் கையெழுத்தைச் சான்றளிப்பவர். ஆகவே செயலை ‘நின்ஷோ’, அதாவது சான்றளிப்பு, என்று எழுதுங்கள். ‘கோசெய் ஷோஷோ’ பக்கமே போகாதீர்கள்: அது கோஷோனினே வரைகிற பத்திரம். பணம் தர ஒப்புக்கொண்டு, தவறினால் அமலாக்கத்துக்கு உடன்படும் வாசகமும் அதில் இருந்தால் தீர்ப்பில்லாமலே வசூலுக்குப் போகலாம்.

சுழிவு: ஹோமு புச்சோ என்றால் சட்டத்துறை மேலாளர். வழக்கறிஞர் உரிமம் இல்லாதவரும் அந்தப் பதவியில் இருப்பார். உங்கள் ஆள் நேரே தலைமை நிர்வாகியிடம் அறிக்கை தருபவர் என்றால் பதவி ஒரு படி இறங்கிவிடும். அப்போது கத்தகானாவில் ‘ஜெனரரு கௌன்செரு’தான். நிறுவன அமைப்பு வரைபடத்தை வாங்கிப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள்.