அப்டேட்: கார்த்தேஜ் படை பத்திரமா திரும்பி வந்தாச்சு

போன மாசம் கேட்டிருந்தேன்ல, வெளிநாட்டுல நடக்குற பொம்மைப் படை போர் விளையாட்டு டோர்னமெண்டுக்கு என் 15 மிமீ உலோகப் பொம்மைப் படைய (ரோமோட பழைய எதிரியான கார்த்தேஜோட படை) பிளைட்ல எப்படி கொண்டு போறதுன்னு, அதுக்கான அப்டேட் இது. நீங்க சொன்னபடியே செக்-இன்ல போடாம கையிலயே வெச்சுக்கிட்டேன், பொம்மைங்க நிக்குற ஒவ்வொரு பேஸுக்கு (அடித்தட்டுக்கு) அடியிலயும் காந்த ஷீட் ஒட்டி தகர டப்பாவுல நிக்க வெச்சேன், சும்மா கும்முனு நின்னுச்சு. ஸ்கேனர்ல என்ன தெரிஞ்சுதோ, டப்பாவ திறக்க சொன்னாங்க, உள்ள யானைய பார்த்ததும் அந்தம்மா சிரிச்சிட்டு விட்டுட்டாங்க. ரெண்டு ஈட்டி வளைஞ்சிருந்துச்சு, நிமித்தும்போது ஒண்ணு ஒடிஞ்சே போச்சு (என் அவசர புத்தி).

ஆட்டம்? அஞ்சுல ரெண்டு ஜெயிச்சேன். டிபிஏ (De Bellis Antiquitatis, பழங்கால போர்களுக்கான விளையாட்டு) ரூல்ஸ்தான், ஆளுக்கு 12 எலிமெண்ட் (ஒரு பேஸ்ல நிக்குற பொம்மைங்க சேர்ந்தது ஒரு எலிமெண்ட்), நாலு எலிமெண்ட் போய், அது எதிராளி இழந்தத விட அதிகமாவும் இருந்தா கதை முடிஞ்சுது. கடைசி ஆட்டம் ரோம் படை கூட. பகடையில எத்தனை விழுதோ அத்தனை நகர்த்தல்தான் படைக்கு கிடைக்கும், எனக்கு வரிசையா மூணு தடவ ஒண்ணு, யானை எல்லாம் ஓரமா வேடிக்கை பார்த்துட்டு நிக்குது. கி.மு. 202ல ரோம் கூட நடந்த ஜாமா போர்ல கார்த்தேஜ் தளபதி ஹானிபாலுக்கு யானை காலை வாரிச்சு, எனக்கு பகடை. எதிர்ல ஆடுனவரு பாவம், மன்னிப்பு கேட்டுக்கிட்டே என்னை அடிச்சாரு. போட்டி முடிஞ்சதும் அவரே சூப்பர் க்ளூ எடுத்து அந்த ஒடிஞ்ச ஈட்டிய ஒட்டிக் குடுத்தாரு, கொஞ்சம் கோணலாத்தான் நிக்குது, அப்படியே விட்டுட்டேன்.