பெல்லெட் கிரில்: 2 ஆர்பிஎம் ஆகர் மோட்டாரைக் கழற்றிட்டு 4 ஆர்பிஎம் போடலாமா?

பனிக்காட்டான் (மினசோட்டா) கேட்டது:

வணக்கம். மினியாபொலிஸ் பக்கம் இருக்கேன். எங்ககிட்ட ஆறு வருஷப் பழைய பெல்லெட் கிரில் (மரத்தூளை அழுத்திச் செஞ்ச சின்னக் கட்டிகளை எரிச்சுச் சமைக்கிறது) ஒண்ணு இருக்கு. பக்கத்து வீட்டுக்காரர் ஊர் மாறிப் போறப்ப 150 டாலருக்குக் குடுத்துட்டுப் போனார். ஜூலைல வெளியே 80 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கிறப்ப முழுசாத் திருப்பி வச்சா 430 வரைக்கும் போச்சு. இப்போ நவம்பர் கடைசி, வெளியே 20 டிகிரி. முக்கால் மணி நேரம் ஓடவிட்டாலும் 340ல நின்னுடுது.

தந்தூரிக்கு ஊறவச்ச கோழிக்கால் வேகுது, ஆனா ஓரம் கருக மாட்டேங்குது. அவிச்ச கோழிக்கு மேல மசாலா தடவின மாதிரி இருக்கு. "ஓவன்லயே வச்சிருந்தா இந்தக் குளிர்ல வெளிய போய் நிக்க வேண்டாம்ல"னு வீட்டுல கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்லை.

பெல்லெட்டைத் தீக்குத் தள்ளுற திருகுத் தண்டை (ஆகர்) சுத்துற மோட்டார் லேபிள்ல 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், 2 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு ரெண்டு சுத்து)னு இருக்கு. அதே துளை, அதே தண்டு, 4 ஆர்பிஎம் மோட்டார் 38 டாலருக்கு ஆன்லைன்ல கிடைக்குது. பெல்லெட் ரெண்டு மடங்கு விழுந்தா சூடும் ஏறும்தானே? கண்ட்ரோலர் போர்டு எரிஞ்சு போகுமா? கிறிஸ்துமஸ் லீவுக்கு பதினாலு பேர் வர்றாங்க. மாட்டினவங்க யாராவது சொல்லுங்க.


ஆஸ்டின்வாசி:

நான் மாட்டியிருக்கேன். கழட்டி மாட்ட இருபது நிமிஷம், போர்டுக்கு ஒண்ணும் ஆகலை. சூடாகிற நேரம் பாதியாக் குறைஞ்சது. ஸ்டேக் போடுறவங்களுக்கு ஜாலி.

ஆனா பிரிஸ்கெட்டுக்கு (புகையில மெதுவா வேகவைக்கிற மாட்டு நெஞ்சுக்கறி) 225 வச்சா 270ல போய் உக்காருது. புகை போடுற வேலைக்கு இப்போ வேற டிரம் ஒண்ணு வச்சிருக்கேன். இன்னொண்ணு, இது டெக்சஸ். எங்க ஊர்ல குளிர்னு சொன்னா நீங்க சிரிப்பீங்க.


பழைய_மில்_ஃபிட்டர் (ஒஹாயோ):

தம்பி, மோட்டாரை ஆர்டர் போடறதுக்கு முன்னால கொஞ்சம் நில்லுங்க. நான் கோயமுத்தூர்ல ஸ்பின்னிங் மில்லுல இருபத்திரண்டு வருஷம் மெயின்டெனன்ஸ் பார்த்தவனுங்க. மகன் வீட்டுக்கு வந்து இங்கயே தங்கிட்டேன். போன வருஷம் இதே வேலையைச் செஞ்சு பட்டவன்.

முதல்ல கணக்குப் பார்ப்போம். கோடையில வெளியே 80, உள்ளே 430. வித்தியாசம் 350. அதே தீ, அதே டப்பா, வெளியே 20ன்னா உள்ளே சுமாரா 370தான் வரும். வெப்பம் வெளியேறுறது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்ததுங்க. ஆக, உங்க 90 டிகிரி நஷ்டத்துல 60 டிகிரி மினசோட்டா எடுத்துக்கிட்டது. அதுக்கு மோட்டார் மேல பழி போடக்கூடாது. மீதி 30 எங்கே போச்சுன்னுதான் தேடோணும்.

அடுத்தது, ஆகர் மோட்டார்ங்கறது வெறும் கரண்டிங்க. சட்டியில அள்ளிப் போடறது மட்டும்தான் அதுக்குத் தெரியும். எரிய வைக்கிறது காத்து. உங்க வயசு கிரில்லுல ஃபேன் பெரும்பாலும் ஒரே வேகத்துல சுத்துற மாதிரிதான் இருக்கும். கரண்டியைப் பெருசாக்கிட்டு காத்தை அப்படியே விட்டா என்ன ஆகும்? கல்யாணச் சமையல்காரரைப் பாத்திருப்பீங்க. கோட்டை அடுப்புல தீ போதலைன்னா விறகைத் திணிக்க மாட்டார், ரெண்டு கட்டையை வெளியே இழுப்பார். குப்புனு பத்திக்கும். அதேதான் இங்கயும்.

என்ற கதை சொல்றனுங்க. 4 ஆர்பிஎம் மாட்டின மூணாம் நாள். ஃபயர் பாட்டுல, அதான் அந்தத் தீச்சட்டியில, பெல்லெட் வழிய வழிய விழுந்து தீயை அமுக்கிருச்சு. சிம்னியில மஞ்சள் கலந்த வெள்ளைப் புகை, தடியா. நான் என்னமோ நல்லாப் புகையுதுன்னு நினைச்சுட்டு நின்னேன். அடியில இருந்த கங்கு திடீர்னு பத்துனதும் உள்ளே தேங்கியிருந்த புகை மொத்தமும் ஒரே வீச்சுல எரிஞ்சது. மூடி தானா எம்பி உக்காந்துச்சு. பேரன் கைதட்டினான். எனக்கு வலது புருவம் முளைக்க ஒரு மாசம் ஆச்சுங்க. அதனால சொல்றேன்: தடிப்புகை வருது, தீச்சத்தம் இல்லைன்னா மூடியைத் திறந்து எட்டிப் பாக்காதீங்க. ஆஃப் பண்ணி, ஆறவிட்டு, சட்டியைக் காலி பண்ணிட்டுத்தான் மறுபடி பத்த வைக்கோணும். ரொம்ப நிரம்பினா தீ ஆகர் குழாய் வழியா ஹாப்பருக்கே (பெல்லெட் கொட்டி வைக்கிற பெட்டி) ஏறிப்போற அபாயமும் இருக்குது.

4 ஏன் வேண்டாம்னு இன்னொரு கணக்கு. பழைய வகைக் கண்ட்ரோலர்ல புகை நிலையில ஆகர் 15 வினாடி ஓடும், அப்புறம் நிக்கும். அந்த ஓய்வைக் கூட்டிக் குறைக்கிறதுதான் பி செட்டிங். அது பூஜ்யத்துல 45 வினாடி நிக்கும், ஒவ்வொரு எண்ணுக்கும் 10 வினாடி கூடும். பி2ன்னா 65 வினாடி ஓய்வு. 80 வினாடிக்கு 15 வினாடி ஓட்டம், அதாவது 19 சதவீதம். மோட்டாரை ரெண்டு மடங்காக்கினா, அதே தீக்கு ஓய்வு 145 வினாடி வேணும். பி5 வரைக்கும் போனாலும் 95தான் கிடைக்கும். சரிக்கட்டவே முடியாது. ஆஸ்டின் தம்பிக்கு 225 தங்காத காரணம் அதுதான். 3 ஆர்பிஎம்னா, பி5ல வச்சா பழைய பி2க்குக் கிட்டத்தட்டச் சமம். மாட்டியே தீருவேன்னா 3 மாட்டுங்க.

சொல்லப்போனா இந்த யந்திரம் பிறந்ததே மெதுவாப் புகை போடத்தானுங்க. 1980கள்ல ஒரிகன்ல மவுண்ட் ஏஞ்சல்ங்கற சின்ன ஊர்ல ஜோ ட்ரேகர்ங்கறவர் பண்ணினது. 2006 வாக்குல பேடன்ட் முடிஞ்சதும் ஆளாளுக்கு இறங்கிட்டாங்க, பெட்டி மேல 500 டிகிரின்னு எழுதறது அப்புறம் வந்த போட்டி. தந்தூர் அடுப்புல நடக்கிறதை இதுகிட்ட எதிர்பார்க்கிறது கொஞ்சம் அநியாயம்.

சரி, தேடற விதம். முழுச் சூட்டுல வச்சுட்டு ஆகர் சத்தத்தைக் கேளுங்க. நடுவுல நின்னு நின்னு ஓடுதா? அப்படின்னா கண்ட்ரோலரே போதும்னு நினைக்குது, மோட்டார் குறைச்சல் இல்லை, சென்சாரைத்தான் சந்தேகப்படோணும். நிக்காம ஓடியும் சூடு ஏறலைன்னா, ஒண்ணு பெல்லெட் சரியா விழலை, இல்லைன்னா காத்து பத்தலை.

சென்சார் பெரும்பாலும் பிடி1000 வகையா (சூடு ஏற ஏற மின்தடை கூடறது) இருக்கும். கழட்டி எண்ணெய்ப் பிசுக்கைத் துடைச்சுட்டு மல்டிமீட்டர்ல ஓம் பாருங்க. ஐஸ் தண்ணியில 1000, கொதிக்கிற தண்ணியில 1385 பக்கம் காட்டோணும். நுனியை மட்டும் முக்குங்க, ஒயரை முக்கிடாதீங்க.

பெல்லெட்டுக்கு, கிரில் ஜில்லுனு இருக்கிறப்ப ஹாட் ராட் (பத்த வைக்கிற சூட்டுக்கம்பி) கனெக்டரைக் கழட்டி விட்டுட்டு, ஆகரை விடாம ஓட்டுற ப்ரைம் பட்டனை 5 நிமிஷம் அமுக்கிப் பிடிங்க. விழுந்ததை அள்ளி சமையல் தராசுல போடுங்க. 2 ஆர்பிஎம்ன்னா பத்துச் சுத்து. என்னுதுல பழைய மோட்டார்ல 125 கிராம் விழுந்துச்சு. அப்படியே மோட்டார் பின்னாடி இருக்கிற சின்ன விசிறியும் தண்டும் திணறாமச் சுத்துதான்னு பாத்துக்கங்க.

போர்டைப் பத்திக் கேட்டீங்க. ரெண்டு லேபிள்லயும் ஆம்பியர் பாருங்க, ஏறக்குறைய ஒண்ணா இருந்தா பயமில்லை. அதைவிட முக்கியம் சுத்துற திசை. தண்டுப் பக்கம் இருந்து பாக்கறப்ப வலமா இடமான்னு லேபிள்ல இருக்கும். மாத்தி வாங்கினா பெல்லெட்டை ஹாப்பருக்கே திருப்பி அனுப்பும். எதைத் தொட்டாலும் முதல்ல பிளக்கைப் புடுங்கிருங்க.


பனிக்காட்டான்:

ஐயா, ரொம்ப நன்றி. ஒரு தப்பு நடந்துடுச்சு. உங்க பதில் வர்றதுக்கு முன்னாடியே ஆர்டர் போட்டுட்டேன். பெட்டி வாசல்ல இருக்கு. இன்னும் பிரிக்கலை. சனிக்கிழமை நீங்க சொன்ன சோதனை எல்லாம் செஞ்சுட்டு எழுதறேன்.


திரும்பி_வந்தவன் (கோவை):

ஃபிட்டர் ஐயா, நம்ம ஊர்க்காரரா! நான் 11 வருஷம் நியூ ஜெர்சியில இருந்துட்டு, சாமானோட கிரில்லையும் கன்டெய்னர்ல ஏத்திக்கிட்டு வந்தவன். இங்க எனக்கு வந்த வேடிக்கையைச் சொல்றேன். 230 வோல்ட்டை 120 ஆக்க ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினேன். எல்லாம் ஓடுச்சு, சூடு மட்டும் ஏறலை. குளிர்னு சொல்லவும் வழியில்லை, மே மாசம். எலக்ட்ரீஷியன் பிரிச்சுப் பாத்துட்டு மோட்டார் போச்சுன்னார்.

மோட்டாருக்கு ஒண்ணும் ஆகலை. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் மாத்தும், 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. இந்த வகை மோட்டார் ஹெர்ட்ஸ் சொல்ற வேகத்துலதான் சுத்தும். 2 ஆர்பிஎம் மோட்டார் இங்க 1.7 பக்கம். ஃபேனும் அதே போல மெதுவா. தீனியும் குறைவு, காத்தும் குறைவு. மோட்டார் வேற தொட முடியாத அளவு கொதிக்குது. இப்போ கேம்பிங்குக்கு வாங்கின அமெரிக்க பேட்டரிப் பெட்டியில மாட்டி ஓட்டறேன், அதுல இருந்து 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ் சுத்தமா வருது. பத்த வைக்கிற சில நிமிஷம்தான் கரண்ட் இழுக்கும், அப்புறம் பல்பு அளவுதான்.

பெல்லெட்தான் இங்க பாடு. பாய்லருக்கு விக்கிறது நிறையக் கிடைக்குது, கடலைத்தோலும் மரத்தூளும் என்னென்னவோ கலந்தது. அதுல சமைக்க மாட்டேன்.


பனிக்காட்டான்:

சனிக்கிழமை அறிக்கை. வெளியே 22 டிகிரி, காத்து இல்லை.

முழுச் சூட்டுல ஆகர் நிக்காமத்தான் ஓடுது. சென்சார்ல ஒரு மில்லிமீட்டருக்குக் கருப்புத் தார் மாதிரி படிஞ்சிருந்தது, துடைச்சேன். ஐஸ்ல 1003, கொதிநீர்ல 1384. நல்லாத்தான் இருக்கு.

தராசுதான் காட்டிக் குடுத்துச்சு. 5 நிமிஷத்துல 92 கிராம்தான். தண்டுல மார்க்கர்ல கோடு போட்டு எண்ணினேன், பத்துச் சுத்து சரியா இருக்கு. அப்போ சுத்துது, ஆனா முழுசா அள்ளலை. ஹாப்பரைக் காலி பண்ணினா அடியில ரெண்டு கை அளவு மரத்தூள், ஈரம் பட்டு ரொட்டி மாதிரி இறுகியிருந்துச்சு. ஆகர் குழாயிலயும் அதே. போன வருஷம் தள்ளுபடியில வாங்கி கராஜ்ல திறந்தே கிடந்த மூட்டை. பெல்லெட் ஒவ்வொண்ணும் விரல் நீளம், குறுக்கால மாட்டி வாயை அடைச்சுக்குது. ஃபயர் பாட்டைச் சுரண்டினப்ப காத்து வர்ற துளைல நாலு அடைஞ்சிருந்துச்சு. ஆணி வச்சுக் குத்தி எடுத்தேன்.

புது மூட்டை போட்டு மறுபடி எடை: 118 கிராம். பத்த வச்சேன். 35 நிமிஷத்துல 385.

அதுக்கு மேல ஏறலை, ஐயா கணக்கை விட 15 கூடவே குடுத்திருக்கு, அதுக்கு மேல ஆசைப்படலை. இரும்புத் தோசைக்கல்லைக் கிரில்லுக்குள்ளயே அரை மணி காயவிட்டு, வெந்த கோழிக்காலைக் கடைசி நாலு நிமிஷம் அதுல புரட்டினேன். ஓரம் கருகிடுச்சு. வீட்டுல ரெண்டு துண்டு கேட்டு வாங்கினாங்க, ஓவன் பேச்சு வரலை.

மோட்டார் இன்னும் பிரிக்காமத்தான் இருக்கு. திருப்பி அனுப்ப 9 டாலர் கேக்கிறாங்க.


பழைய_மில்_ஃபிட்டர்:

92 கிராமைப் பாத்ததும் சிரிச்சுட்டேனுங்க. மில்லுலயும் இப்படித்தான், மோட்டாரை மாத்தச் சொல்லி ஆள் வரும், போய்ப் பாத்தா பஞ்சு அடைச்சிருக்கும். மூட்டையை மூடி போட்ட பக்கெட்டுல கொட்டி வைங்க. பதினாலு பேர் வர்றப்ப கிரில்லைக் காத்து அடிக்காத சுவரோரம் தள்ளி வைங்க, ஆனா சுவரை ஒட்டி வேண்டாம், கராஜுக்குள்ளயும் வேண்டாம்.

9 டாலரைக் குடுத்து அனுப்பிருங்க. வீட்டுல இருந்தா ஒரு நாள் மாட்டிப் பாக்கத்தான் தோணும்.


திரும்பி_வந்தவன்:

அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை. அது 3ஆ 4ஆ? 3ன்னா எனக்கு இங்க 2.5 வரும். பிப்ரவரியில மச்சான் மினியாபொலிஸ்ல இருந்து வர்றான்.


பனிக்காட்டான்:

4ங்க. மன்னிச்சுக்கோங்க.