டம்ப்ளர் டிரையர்: துணி கொதிக்குது, ஆனா காயல. ஹீட்டர் செட் மாத்தித்தான் ஆகணுமா?

கோவை_சலவைக்கடை:
வணக்கமுங்க. டிரைகிளீனிங் கடை நடத்தறேன். பட்டு, கோட்டு சூட்டெல்லாம் பெட்ரோல் வாஷ். சட்டை, வேட்டி, லாட்ஜ் பெட்ஷீட், டவல் எல்லாம் தண்ணி வாஷ். தண்ணி வாஷ் துணியை மட்டும்தான் டம்ப்ளர்ல போடறோம். 15 கிலோ மெஷின், கரண்ட் ஹீட்டர் 18 கிலோவாட், த்ரீ பேஸ்.

ஆவணியில கடையைப் பக்கத்துத் தெருவுக்கு மாத்தினோம். அதுல இருந்து ஆரம்பிச்சதுங்க தொல்லை. பழைய கடையில ஒரு லோடு டவல் 40 நிமிஷத்துல காய்ஞ்சிரும். இங்க ஒன்றரை மணி நேரம் ஓட்டினாலும் ஓரத் தையல்லயும் மடிப்புலயும் ஈரம் நிக்குது. சூடு குறைச்சல்னு சொல்ல முடியாது. கதவைத் திறந்தா அனல் மூஞ்சில அடிக்குது, துணியைக் கையில பிடிக்க முடியல. சில சமயம் ஓவர்ஹீட் ட்ரிப் ஆகி நின்னே போகுது.

வந்து பார்த்த மெக்கானிக், ஹீட்டர் வீக்காயிருச்சு, முழு செட்டையும் மாத்தணும், கூட ஒரு ஹீட்டர் வரிசை போட்டு 24 கிலோவாட் ஆக்கிரலாம்ங்கறார். அப்படிப் பண்ணினா கரண்ட் லோடும் ஏத்தி வாங்கணும். ஐப்பசி மழையில மொட்டை மாடியில கொடி கட்டவும் வழியில்ல, தீபாவளி ஆர்டர் குவிஞ்சு கிடக்குது. செலவு பண்றதுக்கு முன்னாடி விவரம் தெரிஞ்சவங்க ஒரு வார்த்தை சொல்லுங்க.

திருப்பூர்_லாண்டரி:
தம்பி, அவசரப்பட்டு ஹீட்டர் வாங்காதீங்க. முதல்ல பஞ்சு வலையைப் பாருங்க. கையால தட்டி விட்டா மட்டும் பத்தாது, வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சுப் பாருங்க. சாஃப்ட்னர் நிறையப் போடற கடைகள்ல வலைக்கண் மேல மெழுகு மாதிரி ஒரு படலம் கட்டிரும். பார்த்தா சுத்தமா இருக்கும், காத்து மட்டும் போகாது. சோப்புத் தண்ணி போட்டு பிரஷ்ல தேய்ச்சுக் கழுவுங்க.

அடுத்தது ஹைட்ரோ, துவைச்ச துணியைச் சுத்திப் பிழியற மெஷின். காஞ்ச டவலை 10 கிலோ எடை போட்டு வெச்சுக்குங்க. துவைச்சு, ஹைட்ரோ சுத்தி எடுத்ததும் மறுபடி எடை போடுங்க. 15, 16க்குள்ள நின்னா ஹைட்ரோ மேல குத்தமில்ல. 18, 19 வந்தா டம்ப்ளரைத் திட்டிப் பிரயோஜனமில்ல, தண்ணி பிழியாமலே உள்ள போகுது.

கோவை_சலவைக்கடை:
நன்றிங்கக்கா. எடை போட்டுப் பார்த்தேன், 10 கிலோ டவல் பதினஞ்சரை வந்துச்சு. வலையையும் கழுவியாச்சு, நேரத்துல பெருசா வித்தியாசம் தெரியலைங்க.

ஒண்ணு மட்டும் புரியல. பழைய கடையில ஒவ்வொரு லோடுக்கும் வலையில கை நிறைய பஞ்சு அள்ளுவோம். இங்க அதே டவல், அதே லோடு, ஆனா சும்மா லேசா தூசி படிஞ்ச மாதிரிதான் வருது. வலை எங்கியாவது கிழிஞ்சு பஞ்சு வெளிய போயிருதான்னு பார்த்தேன். கிழிசல் எதுவும் இல்லைங்க.

வாஷ்_டெக்னீஷியன்:
சார், அந்தப் பஞ்சு விஷயம் முக்கியம். மறக்காம சொன்னதுக்கு நன்றி. துணியில இருந்து பஞ்சைப் பிரிச்சு வலைக்குக் கொண்டு வர்றதே காத்துதான். வலையும் கிழியல, பஞ்சும் வரலன்னா, டிரம் வழியா காத்து போதுமான அளவு ஓடலன்னு அர்த்தம்.

ஹீட்டர் கணக்கைப் பாருங்க. உங்க லோடுல இருக்கறது அஞ்சரை லிட்டர் தண்ணி. ஒரு லிட்டரை ஆவியாக்கக் கணக்குப்படி முக்கால் யூனிட் கூட ஆகாது. துணி, டிரம், வெளிய போற சூட்டுக் காத்து எல்லாத்தையும் சேர்த்து, சாதாரண மெஷின்ல ஒரு யூனிட்னு வெச்சுக்கலாம். அஞ்சரை யூனிட் போதும். உங்க 18 கிலோவாட் ஹீட்டர் முழுசா எரிஞ்சா 20 நிமிஷத்துல 6 யூனிட் கொடுத்துடும். ஒன்றரை மணி நேரம் முழுசா எரிஞ்சிருந்தா 27 யூனிட். அவ்வளவு சூடு துணிக்குள்ள போயிருந்தா டவல் கருகியிருக்கும். அதனால ஹீட்டர் முழு நேரமும் எரியல. பேனல் பக்கத்துல நின்னு கேளுங்க. கான்டாக்டர், அதாவது ஹீட்டருக்குக் கரண்ட் விடற சுவிட்ச், டக்கு டக்குன்னு அடிக்கடி விழுந்து எழும். தெர்மோஸ்டாட் 'சூடு போதும்'னு ஹீட்டரை நிறுத்திக்கிட்டே இருக்கு. இந்த நிலைமையில 24 கிலோவாட் போட்டா இன்னும் சீக்கிரம் நிறுத்தும், அடிக்கடி ட்ரிப் ஆகும். காசுதான் போகும்.

டம்ப்ளர்ல துணியைக் காய வைக்கிறது காத்துதான் சார். சூடு, அந்தக் காத்து நிறைய ஈரம் சுமக்கறதுக்காக. ஈரம் ஏறின காத்து வெளிய போகாம உள்ளேயே சுத்தினா, துணி வேகுமே தவிர காயாது.

இப்ப சொல்லுங்க: புகைபோக்கி டக்ட் எப்படிப் போட்டிருக்கீங்க? என்ன சைஸ், என்ன பைப், எத்தனை வளைவு?

கோவை_சலவைக்கடை:
நீங்க சொன்ன மாதிரியே கான்டாக்டர் அடிச்சுக்கிட்டே இருக்குதுங்க சார்.

மெஷின் வாய் 8 இஞ்ச். பழைய கடையில சுவத்துல நேரா ஓட்டை போட்டு வெளிய விட்டிருந்தோம். இங்க ரோட்டுப் பக்கம் விட முடியல. பிளம்பர் 6 இஞ்ச் பிவிசி பைப்ல மூணு எல்போ போட்டு மாடி வரைக்கும் கொண்டு போயிட்டார். மேல புறா நுழையாம இருக்கக் கொசு வலை கட்டியிருக்கு.

வாஷ்_டெக்னீஷியன்:
அந்த வலையை இன்னைக்கே கழட்டிடுங்க. ஈரப் பஞ்சு அதுல அப்பிக் காஞ்சு அட்டை மாதிரி ஆயிடும். புறாவுக்கு, காத்து தள்ளினா திறந்து, காத்து நின்னா மூடிக்கிற மாதிரி தகர மூடி இருக்கு, அதைப் போடுங்க. 8 இஞ்ச் வாயை 6 இஞ்ச்ல சேர்த்தா பாதைப் பரப்பு 56 சதவீதம்தான் மிச்சம். அதுக்கு மேல மூணு எல்போ. பிவிசி இந்த வேலைக்கு ஆகாது. சூட்டுல தொய்ஞ்சு போகும், தீப்பிடிச்சா தாங்காது, உள்ள பஞ்சும் ஒட்டும். ஜிஐ தகட்டுல 8 இஞ்ச் டக்ட் அடிக்கணும்.

ஆனா டக்ட் அடிக்கச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு சோதனை. மெஷின் பின்னாடி பைப்பைக் கழட்டிட்டு, ஜன்னலைத் திறந்து வெச்சு ஒரே ஒரு லோடு ஓட்டுங்க. ரூம் பூரா பஞ்சு பறக்கும், பரவாயில்ல, பக்கத்துலயே ஆள் நிக்கட்டும். 40 நிமிஷத்துல காஞ்சா குத்தவாளி டக்ட் மட்டும்தான். காயலன்னா மெஷினுக்குள்ள ஏதோ இருக்கு.

கோவை_சலவைக்கடை:
ஓட்டிப் பார்த்தேனுங்க. ஒன்றரை மணி நேரம் எடுத்தது ஒண்ணே கால் மணிக்கு வந்துச்சு. அவ்வளவுதான். வாய்கிட்ட கையை வெச்சா காத்து வருது, ஆனா பழைய வேகம் இல்ல. காத்தைத் தள்ற புளோயரைத் திறந்து பார்த்தோம், இம்பெல்லர்ல (உள்ள சுத்தற சக்கரம்) அழுக்கில்ல, தண்டோட சாவியும் இறுக்கமா இருக்குது. மோட்டாரும் சத்தமில்லாம ஓடுது.

இது வேற விஷயம், இருந்தாலும் கேக்கறேன்: அயர்ன் பண்ற வேக்யூம் டேபிள்லயும் இழுவை கம்மியாயிருச்சுங்க. பட்டுச் சேலை மடிப்பு டேபிள்ல ஒட்டி நிக்க மாட்டேங்குது. அதுக்குத் தனியா ஒரு கேள்வி இழை போடட்டுமா?

பேனல்_போர்டு:
அண்ணே, இதுக்கெதுக்கு இன்னொரு இழை? உங்க ரெண்டு பிரச்சனையும் ஒண்ணுதான். வேக்யூம் டேபிள் மோட்டாரும் த்ரீ பேஸ்தானே?

புதுக் கடையில மெயின்ல பேஸ் வரிசை மாறி வந்திருக்கு. மூணு பேஸ்ல எந்த ரெண்டு ஒயர் இடம் மாறினாலும் மோட்டார் எதிர்ப்பக்கம் சுத்தும். புது பேனல், புது கேபிள்னு இழுக்கும்போது சாதாரணமா நடக்கறதுதான்.

புளோயர் எதிர்ப்பக்கம் சுத்தினா காத்தை உள்ள இழுக்கும்னு எல்லாரும் நினைக்கிறாங்க, அதனாலதான் யாருக்கும் சந்தேகம் வர்றதில்ல. இறக்கை விசிறிக்கு அது சரி. டம்ப்ளர்லயும் வேக்யூம் டேபிள்லயும் இருக்கறது சென்ட்ரிஃபியூகல் புளோயர். அது எந்தப் பக்கம் சுத்தினாலும் வாய் வழியா வெளியதான் தள்ளும், என்ன, ரொம்பக் கம்மியாத் தள்ளும். கோயம்புத்தூர்க்காரருக்கு இதை நான் சொல்லணுமா? த்ரீ பேஸ் போர் மோட்டார் ரிவர்ஸ்ல ஓடினா தண்ணி வரும், ஆனா முக்கி முனகி வரும். அதே கதைதான்.

டம்ப்ளர்ல டிரம்முக்குத் தனி மோட்டார், அது ரெண்டு பக்கமும் மாறி மாறி சுத்தும். அதைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வாஷிங் மெஷின் டிரைவ்ல (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தற எலக்ட்ரானிக் பெட்டி) ஓடுதுன்னா அதுக்கு உள்ள வர்ற வரிசை எப்படி இருந்தாலும் கவலையில்ல. ஹைட்ரோ எந்தப் பக்கம் சுத்தினாலும் பிழியத்தான் செய்யும். கடைசியில மாட்டிக்கிட்டது புளோயர் ரெண்டும்தான்.

எலக்ட்ரீஷியனை வரச் சொல்லுங்க. புளோயர் கூட்டுல அம்புக்குறி இருக்கும். ஒரு நொடி போட்டு நிறுத்தி, ஓய்ஞ்சு சுத்தும்போது எந்தப் பக்கம்னு பார்த்தாப் போதும். மாறியிருந்தா மெயினை ஆஃப் பண்ணிப் பூட்டிட்டு, பேனலுக்கு உள்ள வர்ற மூணுல ரெண்டை மாத்தச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி கடையில இருக்கற எல்லா த்ரீ பேஸ் மோட்டாரோட அம்புக்குறியையும் பார்த்து எழுதி வெச்சுக்கணும். யாராவது ஒரு மெஷினை மட்டும் ஏற்கெனவே தனியா மாத்திச் சரி பண்ணியிருந்தா, மெயின்ல மாத்தினதும் அது தலைகீழாயிடும்.

வாஷ்_டெக்னீஷியன்:
பேனல் சார் சொன்னது சரியா இருக்கும்னு நினைக்கிறேன். வேக்யூம் டேபிளைச் சொன்னதும் எல்லாம் பொருந்திடுச்சு.

கோவை_சலவைக்கடை:
அப்படியே இருந்துச்சுங்க! டம்ப்ளர் புளோயர், வேக்யூம் டேபிள், ஹைட்ரோ மூணும் அம்புக்குறிக்கு எதிர்ப்பக்கம். ஏர் கம்ப்ரசர் மட்டும் சரியான பக்கம் சுத்துச்சு. அதை மாட்டினவர் வந்தப்பவே அங்கேயே மாத்திட்டுப் போயிருக்கார். நீங்க எச்சரிச்சதால மெயின்ல மாத்தின கையோட கம்ப்ரசரையும் மறுபடி மாத்திட்டோம்.

பிவிசி பைப்போடயே டவல் 50 நிமிஷத்துல காஞ்சிருச்சு. வலையில பஞ்சு கை நிறைய வருது. ஹீட்டர் ஒண்ணையும் தொடலைங்க. டக்ட்காரர் ஜிஐ தகட்டுக்கு அளவு எடுத்துட்டுப் போயிருக்கார். உங்க எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க.

ஒண்ணு புதுசா: டம்ப்ளர் போட்டா அந்த ரூம் கதவு தானா டமார்னு சாத்திக்குது. பரவாயில்லைங்களா?

வாஷ்_டெக்னீஷியன்:
பரவாயில்லைன்னு விட்றாதீங்க. வெளிய தள்ற அளவு காத்து ரூமுக்குள்ள வரணும். வர வழியில்லாததால கதவிடுக்கு வழியா இழுக்குது. அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன ரூம்?

கோவை_சலவைக்கடை:
பெட்ரோல் வாஷ் ரூமுங்க.

வாஷ்_டெக்னீஷியன்:
சார், இதைப் படிச்சதும் டம்ப்ளரை நிறுத்துங்க. தீபாவளி ஆர்டர் காத்திருக்கட்டும்.

பெட்ரோல் வாஷ்னு சொன்னாலும் நீங்க ஊத்தறது எம்டிஓ, அதாவது மினரல் டர்பெண்டைன் எண்ணெயா இருக்கும். அதோட ஆவி 40 டிகிரி வாக்குலயே தீப்பிடிக்கற நிலைக்கு வந்துடும். வெயில் காலத்துல உங்க ரூமே அந்தச் சூட்டைத் தொடும். ஆவி காத்தை விடக் கனம், தரையோட தரையா படர்ந்து கதவுக்கு அடியில வரும். உங்க டம்ப்ளர் இப்ப நல்லா இழுக்குது. இழுக்கற காத்து முதல்ல போறது சிவந்து எரியற ஹீட்டர் காயில் மேல. பெட்ரோல் வாஷ் துணியை டம்ப்ளர்ல போடாம ஜாக்கிரதையா இருக்கீங்க, அது ரொம்ப நல்லது. ஆனா துணி போகாத இடத்துக்கு ஆவி போயிடும்.

அந்தக் கதவை எடுத்துட்டு சுவர் வெச்சு அடைங்க. வாசல் வேற பக்கம் வெச்சுக்கலாம். டம்ப்ளர் ரூமுக்கு வெளிச்சுவத்துல பெரிய லூவர் போட்டு வெளிக்காத்து வர விடுங்க, டக்ட் வாயை விட அது நல்லாப் பெருசா இருக்கணும். பெட்ரோல் வாஷ் ரூம்ல எக்ஸாஸ்ட் ஃபேன் தரை மட்டத்துல இருக்கணும், தீப்பொறி வராத மோட்டாரா இருக்கணும். சுவிட்ச் ரூமுக்கு வெளிய.

பெர்க் (பெர்குளோரோஎத்திலீன்ங்கற டிரைகிளீனிங் சால்வென்ட்) மெஷின் வெச்சிருக்கற மத்தவங்களுக்கும் சேர்த்துச் சொல்றேன். பெர்க் தீப்பிடிக்காதுன்னு அலட்சியம் வேண்டாம். அதோட ஆவி கேஸ் பர்னர் தீயிலயோ செஞ்சூட்டுக் காயில்லயோ பட்டா பாஸ்ஜீன் விஷவாயு உண்டாகும். அதை மூடின மெஷினுக்குள்ளயே காய வெச்சு, சால்வென்ட்டைத் திரும்பப் பிடிக்கணும்.

திருப்பூர்_லாண்டரி:
கூட ஒண்ணு, தம்பி. லாட்ஜ் டவல் எடுக்கறீங்க, அதோட ஆயுர்வேத மசாஜ் டவல் வருதா? எண்ணெய் முழுசா போகாம டம்ப்ளர்ல காஞ்சு, சூட்டோட குவிச்சு வெச்சா உள்ளுக்குள்ளயே சூடேறித் தானா தீப்பிடிக்கும். வெந்நீர்ல ரெண்டு வாஷ் விட்டு, எண்ணெய் வாடை போச்சான்னு மோந்து பார்த்துட்டுப் போடுங்க. கடைசி 10 நிமிஷம் ஹீட்டர் இல்லாம ஆற விட்டு, எடுத்த உடனே பிரிச்சு மடிங்க. ராத்திரி மெஷினுக்குள்ள துணியை விட்டுட்டுக் கடையைப் பூட்டாதீங்க.

கோவை_சலவைக்கடை:
டம்ப்ளரை நிறுத்திட்டேனுங்க சார். மேஸ்திரிக்குச் சொல்லியாச்சு, நாளைக்குக் காலையில சுவர் வேலை ஆரம்பிக்கறார், லூவருக்கு வெளிச்சுவத்தையும் அவரே உடைச்சுத் தர்றார். அதுவரைக்கும் டவலைத் தெரிஞ்ச ஒரு லாண்டரியில கொடுத்து வாங்கிக்கறேன். மசாஜ் டவல் ஒரு இடத்துல இருந்து வருதுங்கக்கா, இனி அதைத் தனியா வெச்சே துவைக்கச் சொல்லிட்டேன்.

பேனல்_போர்டு:
சுவர் வேலை நடக்கும்போதே பேனல்ல ஒரு பிரிவென்ட்டர் (ஒரு பேஸ் போனா மோட்டாரை நிறுத்தற கருவி) போட்டுடுங்க அண்ணே, பேஸ் வரிசை மாறினாலும் கட் ஆகற மாடலாக் கேட்டு வாங்குங்க. வெளிய கேபிள் வேலை ஏதாவது நடந்து மறுபடி வரிசை மாறினா மெஷின் ஸ்டார்ட்டே ஆகாது, அப்பவே தெரிஞ்சிடும்.