மகள் விமானி. இந்த ஒப்பந்த வரைவுக்கு அவள் ‘சரி’ சொல்லலாமா?

அரசலாற்றங்கரை எழுதியது:

வணக்கம். கும்பகோணம் பக்கம் ஒரு சின்ன ஊர். 32 வருஷம் பஸ் ஓட்டிவிட்டு 2022-ல் ஓய்வு பெற்றவன் நான். என் மகள் ஒரு விமானக் கம்பெனியில் ஏர்பஸ் 320 துணை விமானி. கம்பெனி பெயர் வேண்டாம், அவள் வேலைக்கு ஆகாது. நாலு மா நிலத்தை அடமானம் வைத்தும் பாங்கில் கடன் வாங்கியும் படிக்க வைத்தோம்.

அவர்கள் சங்கம் கம்பெனியோடு பேசி ஒரு வரைவு கொண்டுவந்திருக்கிறது. மாதக் கடைசிக்குள் ஒவ்வொருவரும் சரியா, வேண்டாமா என்று சொல்ல வேண்டும். இப்போது பட்டியலில் இருப்பவர்களுக்குச் சம்பளம் உயர்கிறது. பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதம் 60 மணி நேரத்துக்குப் பணம் உறுதி. ஆனால் ஒரு தேதி போட்டிருக்கிறார்கள். அதற்குப் பின்னால் சேர்ந்தவர்களுக்கு உறுதி 40 மணிதான். பெற்றோருக்கு மருத்துவக் காப்பீடு இல்லை. பயிற்சிக்காக, வேலையை விட்டுப் போக மாட்டேன் என்று எழுதிக்கொடுக்கும் பாண்டு மூன்று வருஷம் இருந்தது, அவர்களுக்கு ஐந்து.

என் மகள் அந்தத் தேதிக்குப் பதினோரு நாள் முன்னால் சேர்ந்தவள். அவளோடு ஒரே இடத்தில் படித்து, இப்போதும் ஒரே அறையில் தங்கியிருக்கும் பெண், சிமுலேட்டரில் இடம் கிடைக்காமல் இரண்டு மாதம் தள்ளிச் சேர்ந்தது. அது புதுப் பட்டியல். இரண்டு பேரும் ஓட்டுவது அதே விமானம், தூக்குவது அதே ஆட்கள்.

மகள் போனில் கேட்டாள், “அப்பா, உங்கள் காலத்தில் இப்படி வந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்?” என்று. என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

என்னோடு ஒன்பது வருஷம் ஒரே வண்டியில் வந்த கண்டக்டர் ஒருவர் உண்டு. நீடாமங்கலம் ரயில்வே கேட் போட்டால் இறங்கிப் போய் இரண்டு டீ வாங்குவார். ஒன்றை ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டுவார். மற்றதைப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றபடியே குடிப்பார். நாற்பதை நெருங்கும்போது, 2004-ல் வேலைக்கு வந்தவர். 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது. எனக்கு மாதா மாதம் பணம் வருகிறது. அவர் ஓய்வு பெற்றபோது கையில் ஒரு தொகை கொடுத்து அனுப்பினார்கள். அது மகள் கல்யாணத்தோடு தீர்ந்தது. இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் இரவுக் காவலுக்கு இருக்கிறார்.

அதை எங்கள் சங்கம் கேட்டு வாங்கவில்லை, மேலிருந்து வந்த உத்தரவு. ஆனால் டிப்போ வாசலில் சங்கம் நடத்திய கேட் மீட்டிங்கில் புதிய பையன்கள் எழுந்து எங்களுக்கும் சேர்த்துக் கேளுங்கள் என்றபோது, நான் நிலுவைத் தொகை எப்போது வரும் என்றுதான் கேட்டேன். அதை மகளிடம் இன்னும் சொல்லவில்லை.

விமானத் தொழில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இதற்கு முன் இப்படி நடந்திருக்கிறதா? வேண்டாம் என்று சொன்னால் கிடைத்ததும் போய்விடுமா?

தஞ்சைக் கேப்டன் எழுதியது:

ஐயா, நான் இருபது வருஷமாகப் பறக்கிறவன். ‘சரி’ சொல்லச் சொல்லுங்கள் என்பதுதான் என் கருத்து. காரணத்தையும் சொல்கிறேன்.

எங்கள் சம்பளத்தில் பெரும்பகுதி மணிக்கணக்கு. விமானம் இடத்தைவிட்டு நகர்ந்ததிலிருந்து போய்ச் சேர்ந்து நிற்கும் வரைதான் அந்த மணி. விமான நிலையத்தில் சீருடையோடு காத்திருக்கும் நேரமெல்லாம் அதில் வராது. அதனால்தான் உறுதி மணிக்கு இவ்வளவு மதிப்பு. கொரோனாவில் விமானங்கள் நின்றபோது இது எனக்கு நன்றாகவே புரிந்தது. வீட்டுக்கடன் தவணை நிற்கவில்லை. மருத்துவச் சோதனையில் ஒரு அளவு தப்பினாலே தரையில் உட்கார வேண்டிய தொழில். 65 வயதுக்கு மேல் ஓட்டவும் முடியாது. கைக்கு வந்த உயர்வை மூத்தவர்கள் விட மாட்டார்கள். அதைப் பேராசை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

போராட்டம் என்ன செய்யும் என்பதையும் பாருங்கள். 2007-ல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் இணைந்தன. ஒரே கம்பெனி, இரண்டு விதச் சம்பளம், இரண்டு சங்கம். 2011-ல் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் சம சம்பளம் கேட்டுப் பத்து நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த வருஷம் மற்றப் பக்கமான பழைய ஏர் இந்தியா விமானிகள், புதிதாக வரவிருந்த போயிங் 787-இல் இந்தியன் ஏர்லைன்ஸ்காரர்களுக்குப் பயிற்சி தரக்கூடாது என்று 58 நாள் வேலையை நிறுத்தினார்கள். யாருக்கும் முழுதாகக் கேட்டது கிடைக்கவில்லை. இப்போது வாங்கிக்கொண்டு, அடுத்த ஒப்பந்தத்தில் புதியவர்களுக்காகக் கேட்பதுதான் நடக்கக்கூடியது.

மன்னை டு சிகாகோ எழுதியது:

கேப்டன் சார், உங்கள் உதாரணத்தையே நான் மறுபக்கம் இருந்து பார்க்கிறேன். ஒரே காக்பிட்டில் இரண்டு சம்பளம் வைத்தால் விமானி விமானியோடுதான் மோதுவான், நிர்வாகம் தள்ளி நின்று பார்க்கும். 2011-ம் 2012-ம் அதைத்தானே காட்டின?

ஐயா, நடந்திருக்கிறதா என்று கேட்டீர்கள். இங்கே அமெரிக்காவில் அப்படியே நடந்தது. 1983-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இரட்டைச் சம்பளம் கொண்டுவந்தது. இருப்பவர்களுக்குப் பழைய அளவு, புதிதாக வருகிறவர்களுக்கு மிகக் குறைந்த அளவு. அதற்கு ‘பி ஸ்கேல்’ என்று பெயர். இருப்பவர்களுக்கு ஒன்றும் குறையவில்லையே என்பதால் ஒத்துக்கொள்ள எளிதாக இருந்தது. அந்த மலிவான ஆட்களை வைத்தே கம்பெனி வேகமாகப் பெரிதானது.

யுனைடெட் ஏர்லைன்ஸ் நிர்வாகமும் அதைக் கேட்டது. 1985 மே 17 அன்று விமானிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 29 நாள். கம்பெனி முன்கூட்டியே சுமார் 570 புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வைத்திருந்தது, நிறுத்தத்தை மீறி ஓட்ட அவர்கள் வருவார்கள் என்று நம்பி. ஒரு சிலரைத் தவிர எவரும் வரவில்லை. இன்னும் ஒரு மாதச் சம்பளம்கூட வாங்காதவர்கள். நிறுத்தம் முடிந்ததும் கம்பெனி அவர்களைச் சேர்க்க மறுத்தது, வழக்குப் போட்டுத்தான் வேலை வாங்கினார்கள். ‘570’ என்று சொன்னால் இங்கே வயதான விமானிகளுக்கு இன்றைக்கும் தெரியும். மூத்தவர்கள் இனி வரப்போகிறவர்களின் சம்பளத்துக்காக நின்றார்கள், வரப்போகிறவர்கள் மூத்தவர்களை விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு இந்தத் தொழிலிலேயே பிடித்த கதை இதுதான்.

கிடைத்ததும் போய்விடுமா என்ற கேள்விக்கு: 2022 நவம்பரில் யுனைடெட் விமானிகள் தங்களுக்கு வந்த வரைவை 100-க்கு 94 பேர் நிராகரித்தார்கள். திரும்பப் பேசினார்கள். 2023-ல் அதைவிடக் கணிசமாக நல்ல ஒப்பந்தம் வந்தது. இந்தியச் சட்டமும் சூழலும் வேறு, அப்படியே நடக்கும் என்று உறுதி தர மாட்டேன். ஆனால் ‘வேண்டாம்’ என்பது வேலைநிறுத்தம் அல்ல. திரும்பப் போய்ப் பேசுங்கள் என்று சொல்வதுதான்.

அடுத்த ஒப்பந்தத்தில் கேட்கலாம் என்கிறீர்கள், கேப்டன் சார். அப்போதும் மூத்தவர்களுக்கு ஒரு உயர்வு வரும், அதற்கும் ஒரு தேதி போடுவார்கள். நம் நாட்டில் துணை விமானி வேலையை விட ஆறு மாத நோட்டீஸ், கேப்டனுக்கு ஒரு வருஷம். அதற்கு மேல் ஐந்து வருஷ பாண்டு. அந்தப் பெண் எங்கே போகும்?

களப்பாள் பெரியவர் எழுதியது:

விமானம் எனக்குத் தெரியாது, தம்பி. இதுவரை ஏறியதில்லை. ஆனால் இந்தத் தேதி போடுகிற வேலை நம் மண்ணில் நடந்ததுதான். என் தாத்தா பண்ணையாள். தண்டனை என்று சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பாலும் சவுக்கடியும் இருந்த காலம். கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் வந்து சங்கம் கட்டிய பிறகு 1944-ல் இங்கே களப்பாளில் ஒப்பந்தம், 1948-ல் மாயவரம் ஒப்பந்தம், 1952-ல் தஞ்சை சாகுபடிதாரர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். பண்ணையாளை நினைத்தபடி நீக்க முடியாது, கூலி இவ்வளவு என்று எழுத்தில் வந்தது.

மிராசுதார்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பலர் பண்ணையாள் வைப்பதையே விட்டார்கள். அதே வயலில், அதே நடவுக்கு, அன்றாடக் கூலி என்று ஆள் வைத்தார்கள். பண்ணையாள் என்ற பெயர் இருந்தால்தானே சட்டம்? தாத்தாவுக்குச் சட்டம் இருந்தது, அவர் தம்பிக்கு இல்லை. ஒரே வரப்பில் நின்றார்கள். பிறகு கூலிக்காக எழுந்த போராட்டமெல்லாம் அந்த அன்றாடக் கூலிகள் நடத்தியதுதான். அதற்கு எங்கள் பக்கம் கொடுத்த விலை உங்களுக்கெல்லாம் தெரியும்.

கேட் மீட்டிங் விஷயத்தை மகளிடம் சொல்லிவிடு, தம்பி. அவள் கேட்டதே அதைத்தான்.

தஞ்சைக் கேப்டன் எழுதியது:

பெரியவர் சொன்னதைப் படித்தேன். மூத்தவர்களின் தேவை உண்மையானது என்பதில் மாற்றமில்லை. ஆனால் ஐயா, மகளிடம் ஒன்று சொல்லுங்கள். முழு வரைவையும் தள்ளத் தேவையில்லாத ஒரு வழி இருக்கலாம். புதியவர்களுக்கான 40 மணி எத்தனை வருஷத்துக்கு என்று வரைவில் எழுதியிருக்கிறதா எனப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வருஷத்தில் 60-ஐ எட்டும் என்று ஒரு வரி இருந்தால் அது வேறு கதை. இல்லையென்றால் எனக்கும் உறுத்துகிறது.

அரசலாற்றங்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மகளும் அந்தப் பெண்ணும் நேற்று இரவு உட்கார்ந்து வரைவை முதல் பக்கத்திலிருந்து படித்தார்களாம். கேப்டன் சொன்ன அந்த வரி இல்லை. தேதியை எடுங்கள், அல்லது எப்போது சமமாகும் என்று எழுதுங்கள் என்று சங்கத்துக்குக் கடிதம் போடுகிறார்கள். பழைய பட்டியலில் இருந்து இதுவரை ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மாறாவிட்டால் மகள் ‘வேண்டாம்’ என்றுதான் சொல்லப்போகிறாள். கேட் மீட்டிங்கையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நல்லவேளை இப்போது சொன்னீர்கள்” என்றாள்.

இன்றைக்குச் சாயங்காலம் மண்டபத்துக்குப் போய், இங்கே வந்த பதில்களைக் கண்டக்டருக்குப் படித்துக் காட்டினேன். சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி வரை கேட்டார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. “அந்த இன்னொரு பொண்ணோட அப்பா என்ன பண்றாரு?” என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அங்கிருந்தே மகளுக்குப் போன் போட்டேன்.

நாமக்கல்லில் லாரி ஓட்டுகிறாராம்.