வீடியோ கேமுக்குத் தமிழில் ‘திரையாட்டம்’: என் தரப்பு

அன்புள்ள குழுமத்தாருக்கு,

வணக்கம். ‘காணொளி விளையாட்டு’ என்ற சொல் புழக்கத்தில் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று சென்ற மடலில் அம்மையார் கேட்டிருந்தார். அன்றாடச் செய்திக்கு அது போதும். ஆனால் நாம் தேடுவது, இதை ஒரு கலைவடிவமாகக் கருதிக் கட்டுரை எழுதுபவருக்கும் கண்காட்சிக் குறிப்பு எழுதுபவருக்கும் உதவும் சொல். நம் சிங்கப்பூரிலேயே, மரினா பே சாண்ட்ஸ் வளாகத்திலுள்ள கலை அறிவியல் அரும்பொருளகம் 2021இல் இதையே பொருளாகக் கொண்டு ஒரு கண்காட்சி நடத்தியது என்பதால், இந்தத் தேவை கற்பனையானதன்று.

‘காணொளி’ என்பது கண்டு முடிப்பதைக் குறிக்கிறது; இங்கோ, ஆடுபவர் கை வைக்காவிட்டால் படைப்பே நிகழாது. தமிழ் விக்கிப்பீடியா ஆளும் ‘நிகழ்பட ஆட்டம்’ அதனினும் மேலானது, எனினும் ‘நிகழ்படம்’ என்ற முற்பகுதி நம்மிடையே வேரூன்றவில்லை. ‘மின்விளையாட்டு’ (இ-ஸ்போர்ட்ஸ்) என்றால் போட்டி என்ற பொருள் ஏறிவிட்டது. 2023 ஜூன் மாதம் இங்கே நடந்த ஒலிம்பிக் மின்விளையாட்டு வாரத்தை நினைத்தால் அது விளங்கும். அந்தச் சொல்லை அந்தத் துறைக்கே விட்டுவிடுவது நல்லது.

ஆகவே நான் முன்வைப்பது ‘திரையாட்டம்’. திரைப்படம், திரைக்கதை ஆகியவற்றின் வரிசையில் இயல்பாக அமர்வது ஒரு காரணம். ஆட்டம் என்ற சொல்லின் அகலமே என்னை இதன் பக்கம் இழுத்த பெரிய காரணம். சதுரங்க ஆட்டமும் நமக்கு ஆட்டம், கரகாட்டமும் ஆட்டம். விதிக்கு உட்பட்டு ஆடுவதையும் கலையாக ஆடுவதையும் தமிழ் ஒரே சொல்லால் குறித்து வந்திருக்கிறது. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் அம்மானை வரி, கந்துக வரி, ஊசல் வரி என மகளிர் விளையாட்டுகளே பாட்டு வடிவங்களாகின்றன. கந்துக வரியைப் படிப்பவருக்குப் பந்து எழுந்து விழும் தாளம் பாட்டின் நடையிலேயே கேட்கும். அங்கே கலையாவது பாட்டுதானே, பந்தடிப்பது அன்றே என்று மறுப்பவர் இருக்கலாம். அது நியாயமான மறுப்பு. ஆனால் விளையாட்டிலிருந்து ஒரு கலைவடிவம் பிறப்பதை நம் மரபு இழிவாகக் கருதவில்லை என்ற அளவுக்கேனும் அது சான்றாகும்.

அமெரிக்கத் திரை விமர்சகர் ராஜர் ஈபர்ட் 2010இல் எழுப்பிய தடை இதனினும் கடினமானது. விதி, புள்ளி, இலக்கு, வெற்றி ஆகியவை உள்ள ஒன்று கலையாகாது என்பது அவர் வாதத்தின் சாரம். தாம் ஆடிப் பார்க்காத ஒன்றைப் பற்றி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று அதே ஆண்டில் அவர் எழுதினார் என்றாலும், வாதத்துக்கு விடை சொல்லியாக வேண்டும். 1984இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் உருவாக்கிய, விழும் கட்டைகளை இடைவெளியின்றி அடுக்கும் டெட்ரிஸ் ஆட்டத்தில் வெற்றி என்ற முடிவே வைக்கப்படவில்லை. கட்டைகள் மேலும் மேலும் விரைந்து விழ, ஒழுங்கு செய்யும் கை கடைசியில் தோற்கிறது. கதையோ வசனமோ இல்லாமல், விதிகளால் மட்டுமே எழுப்பப்பட்ட பதற்றம் அது. நியூயார்க் நவீனக் கலை அரும்பொருளகம் 2012இல் தன் சேகரிப்புக்குத் தேர்ந்த 14 ஆட்டங்களில் அதுவும் ஒன்று. அவை வடிவமைப்புப் பிரிவில்தான் சேர்க்கப்பட்டன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

தமிழருக்கு அணுக்கமான சான்று, டொரொண்டோவில் உருவாகி 2023இல் வெளிவந்த ‘வெண்பா’ என்ற ஆட்டம். கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்துத் தாயின் சமையல் குறிப்பேடு சிதைந்திருக்கிறது. அழிந்த வரிகளை ஆடுபவரே ஊகித்து, இட்லித் தட்டுகளை எந்த முறையில் அடுக்குவது என்பதுவரை செய்து பார்க்க வேண்டும். இதையே திரைப்படமாக எடுத்தால் மறந்துபோன கைப்பழக்கத்தைத் தேடும் ஒருத்தியை நாம் பார்ப்போம். இங்கே தேடுவது நம் கை. 2024இல் அதற்குப் பிரிட்டனின் திரைக்கலைக் கழகமான பாஃப்டாவின் அறிமுகப் படைப்பு விருது கிடைத்தது. இதைக் கலை என்று அழைக்க நான் தயங்கமாட்டேன்.

‘திரையாட்டம்’ என்பதற்கு எதிராகச் சொல்லக்கூடியவை இரண்டு. கேரளத்தில் திறயாட்டம் என்ற சடங்குக் கலை உண்டு. றகர வேறுபாடும் சூழலும் குழப்பத்தைத் தவிர்க்கும் என்று நம்புகிறேன். தலையில் மாட்டிக்கொள்ளும் மெய்நிகர் கருவியில் ‘திரை’ பொருந்துமா என்பது இரண்டாவது. கண்ணருகே இருந்தாலும் அதுவும் திரையே என்பது என் கருத்து. ஆயினும் அத்துறையில் பணிபுரியும் இளையர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அறிய விரும்புகிறேன்.

ஆடுபவரை ‘ஆட்டக்காரர்’ என்றும், உருவாக்குபவரை ‘ஆட்ட வடிவமைப்பாளர்’ என்றும் குறிக்கலாம். ‘திரையாட்டக் கலைஞர்’ என்பது இவ்விருவரில் யாருக்கு உரியது என்பதில் எனக்கு இன்னும் முடிவு எட்டவில்லை. நாடகத்தில் எழுதியவரும் நடிப்பவரும் கலைஞர்களே என்பதால், இருவருக்கும் என்று சொல்லவே மனம் சாய்கிறது. உங்கள் கருத்துகளை எழுதுங்கள்.

அன்புடன்,
சிங்கப்பூரிலிருந்து ஓர் உறுப்பினர்